இரண்டாம் கண்

அவள் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரை நாலு பேராவது "ஐயோ, அவளா!" என்று முகம் மலர்வார்கள். என் பெயரைச் சொன்னால் "யாரு?" என்பார்கள். நான் எழுதுகிற இடத்திலும் அந்த முகமலர்ச்சியை அவளுக்குத் தூக்கிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஆமாம், பொறாமைதான். மூடி மறைக்க என்ன இருக்கிறது?

சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு அவளுடையது. ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, ஒரே ஷேர் ஆட்டோ. கொண்டை போட ரப்பர் பேண்ட் கிடைக்காவிட்டால் பேனாவைச் செருகிக்கொண்டு வந்துவிடுவாள். அதையும் நாலு பேர் அழகு என்று சொல்லி மறுநாள் பேனா செருகிக்கொண்டு வந்தார்கள். நான் செருகியபோது மை கசிந்து கழுத்தெல்லாம் நீலமாகிவிட்டது.

ஒருநாள் தெருவில் ஷட்டில் ஆடிக்கொண்டிருந்தோம். அவள் கையிலிருந்து மட்டை நழுவிப் பறந்து, மூலை வீட்டு ஆன்ட்டியின் புது ஸ்கூட்டர் கண்ணாடியில் பட்டுச் சில்லுச்சில்லாகிவிட்டது. எல்லோரும் ஓடினோம். அப்போது ஓரமாக உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த நான்கூட ஓடினேன். அவள் மட்டும் நின்றாள். ஆன்ட்டி கேட்டைத் திறந்துகொண்டு வந்ததும், வகுப்பில் வருகைப் பதிவுக்குத் தூக்குவதுபோல வலது கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, "நான்தான் ஆன்ட்டி. சாரி" என்றாள். திட்டுவதற்கென்று திறந்த வாயை ஆன்ட்டி அப்படியே மூடிக்கொண்டார்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்குத் தெருவில் எல்லா வீட்டுக்கும் ஆன்ட்டி கேக் கொடுத்தனுப்பினார். அவள் வீட்டுக்குப் போனது மட்டும் தனி டப்பா. மேலே முந்திரி வேறு. "அந்தப் பொண்ணு மாதிரி வருமா? தப்பு பண்ணா தப்புன்னு ஒத்துக்குது" என்று என் அம்மாவிடமே சொன்னார். அம்மாவும் தலையை ஆட்டினாள். கண்ணாடியே உடைக்காத பிள்ளை ஒன்று பக்கத்தில் நிற்கிறதே என்று இருவருக்கும் தோன்றவில்லை.

வீட்டுப்பாடம் எழுதாத நாளிலும் இதே கதைதான். மற்றவர்கள் ஜுரம், கரண்ட் இல்லை, பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று அடுக்குவார்கள். இவள் கையைத் தூக்கி, "எழுதல மிஸ், டிவி பாத்தேன்" என்பாள். மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்துவிடும். மார்ஜின் போட்டு, தலைப்புக்கு அடிக்கோடு இட்டு, நான் எழுதி வைத்திருந்த நோட்டைப் புரட்டிப் பார்க்கக்கூட அந்தச் சிரிப்பு நேரம் விடாது.

இப்படி "நான்தான்" என்று சொல்வது அவளுக்குத் தும்மல் மாதிரி தானாக வந்தது. ஒரே ஒரு முறை வரவில்லை. அந்த ஒரு முறைக்காகத்தான் அவள் வருஷக்கணக்கில் வெளியே நின்றாள்.

எங்கள் பக்கத்து ஏரிகளில் பறவை பார்க்கிறவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு உண்டு. அதில் முதலில் சேர்ந்தது நான். இதை யாரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை என்பதால் அழுத்திச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பு விடுமுறையில் நான் சேர்ந்தேன். நான் சொல்லித்தான் அவள் சேர்ந்தாள். பார்த்த பறவையை, பார்த்த இடத்தோடு பதிவு போட வேண்டும். மைனா, காக்கை, நீர்க்காகம் என்றால் அப்படியே பட்டியலில் ஏறிவிடும். அபூர்வமான பறவை என்றால் ஏறாது. இன்னொரு உறுப்பினரும் தன் கண்ணால் பார்த்து "கண்டேன்" என்று எழுத வேண்டும். அதற்கு இரண்டாம் கண் என்று பெயர். குழுவை நடத்திய பொழிச்சலூர் சார் வைத்த சட்டம் அது. அவர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். வழி எழுதாமல் விடை மட்டும் எழுதினால் மார்க் போடாத ஆள்.

நான் ஒழுங்காக மைனா போட்டேன். நாமக்கோழி போட்டேன். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் சேர்ந்த இரண்டாவது மாதமே இலைக்கோழியைப் பார்த்தாள். ஆகாயத்தாமரை இலைமேல் ஓர் ஆண் இலைக்கோழி நடந்து போகிறது. அதன் இறக்கைக்கு அடியிலிருந்து நீள நீளமாகக் குச்சிக் கால்கள் தொங்குகின்றன. குஞ்சுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அப்பன் போகிறான்! எங்கள் ஏரியில் அது குஞ்சு பொரிக்கும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. நான் பக்கத்தில்தான் நின்றேன். நான் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தபோது அவள் பார்த்துவிட்டாள். என் தோளைத் தட்டிக் காட்டினாள். நானும் பார்த்தேன். இரண்டாம் கண்ணாக என் பெயர் போனது.

குழுவே அவளைக் கொண்டாடியது. "கழுகுக் கண்ணு இந்தப் பொண்ணுக்கு" என்று பொழிச்சலூர் சாரே எழுதினார். என் பெயர் அதே பதிவில் சின்ன எழுத்தில் கீழே இருந்தது.

அதற்குப் பிறகு அவளுக்குச் சில மாதங்கள் ஒன்றும் சிக்கவில்லை. கொக்கும் நாரையும்தான். பன்னிரண்டாம் வகுப்பில் எங்களை வண்டலூருக்குச் சுற்றுலா கூட்டிப் போனார்கள். கூண்டுக்குள் கிளையில் மரகதப்புறா உட்கார்ந்திருந்தது. நம் மாநிலப் பறவை என்று மிஸ் விளக்கிக்கொண்டிருக்க, இவள் கம்பிவலை தெரியாதபடி செல்போனைக் கண்ணிக்குள் நுழைத்துப் படம் எடுத்தாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஒரு மரகதப்புறா எங்கள் ஏரிக்கரைப் புதரில் உட்கார்ந்திருப்பதாகக் குழுவில் அவள் பதிவு வந்தது. படத்தில் ஓரம் எல்லாம் வெட்டியிருந்ததால் எனக்கும் அது அதே புறா என்று உறைக்கவில்லை. அவளிடமே நேரில் கேட்டேன். "ஆமாடி, டியூஷன் போற வழியில" என்றாள். கையைத் தூக்கவில்லை. அடுத்த நாளே இரண்டாம் கண்ணும் வந்துவிட்டது. சதாசிவம், ஓய்வுபெற்ற பொறியாளர், படப்பை. "இன்று காலை நடைப்பயிற்சியின்போது அடியேனும் கண்டு களித்தேன்" என்று எழுதியிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது. இவளுக்கு என்று எங்கிருந்துதான் வருகிறார்களோ இப்படிப்பட்ட பெரியவர்கள் என்று நினைத்தேன். எனக்காக ஒரு சதாசிவம் ஐயா வந்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஏரிக்கரையில் கூட்டம். முழங்கை நீளத்துக்கு லென்ஸ் மாட்டிய கேமராக்கள், முக்காலிகள், பெருங்களத்தூரிலிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள். கரையோர டீக்கடை அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"இன்னாமா, யார்னா மினிஸ்டர் வந்துகினு கீறாரா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லண்ணா, பறவை பாக்க வந்திருக்காங்க."

"பறவையா? தெனம் வந்து என் பன்னைத் தூக்கினு போவுதே, அந்தக் காக்காவைப் பாக்கச் சொல்லு."

நானும் அந்தப் புதரையே வெறித்துக்கொண்டு நின்றேன். அவள் பார்த்ததை நான் பார்த்தே ஆக வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. அவளும் வந்திருந்தாள். "அதோ, அந்தக் கிளையிலதான் சார்" என்று கை காட்டினாள். வெயில் ஏறும்வரை நின்றோம். ஒரு புறாவும் வரவில்லை.

பொழிச்சலூர் சார் தன் வீட்டுக்குப் போய் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். புறாவின் காலில் ஒரு வளையம். கூண்டில் வளர்கிற பறவைக்கு மாட்டுகிற வளையம். அதைக் குழுவில் கேட்டார். இன்னொருவர், "சதாசிவம் ஐயா, வாக்கிங்னா படப்பையிலிருந்து சிட்லபாக்கம் வரைக்கும் நடந்தா வந்தீங்க?" என்று கேட்டார். சதாசிவம் ஐயா என்று யாரும் இல்லை, அவளே திறந்த கணக்கு அது. அவள் படப்பைப் பக்கம் போனதே இல்லை. பேருந்துப் பலகையில் பார்த்த ஊர்ப் பெயரைப் போட்டுவிட்டாள். படப்பை எவ்வளவு தூரம் என்று அவளுக்குத் தெரியாது.

அன்று மட்டும் அவள் கை மேலே போயிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். சிரித்து, திட்டி, விட்டிருப்பார்கள். போகவில்லை. "அடியேன் மகன் வீட்டுக்கு வந்திருந்தேன்" என்று சதாசிவம் ஐயா பதில் எழுதினார். வயதான மனிதரைச் சந்தேகப்படுவதா என்று கோபப்பட்டார். அதற்குமேல் சார் பேசவில்லை. இரண்டு கணக்கும் ஒரே போனிலிருந்து வருகின்றன என்று கண்டுபிடித்து, இரண்டையும் நிரந்தரமாக முடக்கிவிட்டார். அவள் போட்ட பதிவுகள் எல்லாமே பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டன. அப்பன் இலைக்கோழியும் போனது. அதன் கீழே சின்ன எழுத்தில் இருந்த நானும் போனேன்.

எனக்குச் சந்தோஷமாக இருந்ததா என்றால், முதல் வாரம் இருந்தது.

பிறகு கல்லூரி, வேலை என்று வருஷங்கள் ஓடின. அவள் குடும்பம் செம்பாக்கம் பக்கம் வீடு மாறிப் போனது. நான் குரோம்பேட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பில் உட்கார்ந்தேன். ஞாயிறு தவறாமல் ஏரிக்குப் போனேன். குழுவில் என்னைவிட அதிகப் பதிவு போட்டவர்கள் இன்று யாரும் இல்லை. எங்கள் ஏரிக்குப் பொறுப்பாளர் என்று என்னைப் போட்டிருக்கிறார்கள். ஒரு பொய் கிடையாது, ஒரு தவறான பெயர் கிடையாது. இருந்தும் புதிதாக யாராவது சேர்ந்தால், பழைய ஆட்கள் முதலில் சொல்கிற கதை என்ன தெரியுமா? மரகதப்புறா கதை. சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். "செம வாலு அந்தப் பொண்ணு. எங்க இருக்காளோ!" ஏமாற்றிவிட்டுப் போனவளைப் பற்றி இத்தனை ஆசையாகப் பேசுகிறவர்கள், ஏமாற்றாமல் எதிரில் நிற்பவளிடம் டீயை மட்டும் நீட்டுவார்கள்.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை அவள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கொண்டையில் பேனா. அம்மா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். "எவ்ளோ இளைச்சிட்டே கண்ணு!" என்று நல்ல டம்ளரில் காபி கொண்டுவந்து கொடுத்தாள். எனக்கு வழக்கமான டம்ளர்.

"அப்பீல் பண்ணப்போறேன்டி. என் அக்கவுண்ட்டைத் திருப்பிக் கேக்கப்போறேன்" என்றாள்.

"புதுசா ஒண்ணு ஓப்பன் பண்ணிக்கலாமே? இப்ப யார் செக் பண்றாங்க?"

"அது இன்னொரு சதாசிவம் ஐயாதானே."

நான் என் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

"அந்த இலைக்கோழிடி," என்றாள். "அதை நான் நிஜமாப் பாத்தேன். நீயும் பாத்தே. நான் சொன்ன ஒரு பொய்யால அதுவும் பொய்யாயிடுச்சு. இப்ப அந்த இடத்துல கரை கட்டி நடைபாதை போட்டுட்டாங்க. அங்க குஞ்சு பொரிச்சதுன்னு இனிமே யார் சொன்னாலும் நம்பமாட்டாங்க. பட்டியல்ல இருந்தாத்தான் உண்டு. என் பேர்ல வந்ததை என் பேர்லதான் திருப்பி எடுக்கணும்."

குழுவில் முறையீட்டுக்கும் சார் ஒரு சட்டம் வைத்திருந்தார். ஏமாற்றியவர் திரும்பி வர வேண்டுமென்றால், அன்று ஏமாந்தவர்களில் ஒருவர் "இவரை மறுபடி நம்புகிறேன்" என்று எழுத வேண்டும். தீர்ப்பு சொல்கிறவர் என்பதால் சார் எழுதக்கூடாது. அன்றைக்கு வந்தவர்களில் பலர் குழுவிலேயே இல்லை. பெருங்களத்தூர்க்காரர், குழந்தைகளை விடியற்காலையில் எழுப்பிக் கூட்டிவந்த கோபத்தை இன்னும் வைத்திருந்தார், முடியாது என்றுவிட்டார். மிச்சம் நான்.

அவள் எழுதிவைத்திருந்ததைப் படிக்கக் கொடுத்தாள். நாலே வரி. "மரகதப்புறாவை நான் ஏரியில் பார்க்கவில்லை. வண்டலூரில் கூண்டுக்குள் பார்த்தேன். சதாசிவம் ஐயா நான்தான். கேட்டபோது சொல்லாமல் இருந்ததும் நான்தான்." அவ்வளவுதான்.

"அப்போ ஸ்கூல் படிச்சேன், விவரம் தெரியாத வயசுன்னு ஒரு வரி சேத்துக்கோயேன். இரக்கப்படுவாங்க" என்றேன்.

"விவரம் தெரியாமலா வலைக்குள்ள போனை நுழைச்சேன்?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எல்லாரும் என்னையே பாத்துகிட்டு இருக்கணும்னு இருந்துச்சுடி. அதான்" என்றாள்.

அந்த ஆசை எனக்கும் இருந்தது. இன்றும் இருக்கிறது. அதை ஒரு காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, மழை வருமா என்று கேட்பதுபோல என்னால் சொல்ல முடியாது. அவள் சொல்லிவிட்டுக் காபியை ஆற்றிக் குடித்தாள். அப்போது எனக்கு அவள்மேல் வந்த பொறாமை, கேக்குக்கு வந்ததைவிடப் பெரியது.

எழுதித் தருகிறேன் என்றேன். உடனே தரவில்லை. இவள் உள்ளே வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் பொய் சொல்லி மறுக்கவும் காரணம் கிடைக்கவில்லை. நம்புகிறாயா என்றால் நம்புகிறேன்; அதுதான் எனக்கு ஆத்திரம். ஒரு வாரம் கழித்து எழுதினேன். "அன்று ஏமாந்தவர்களில் நானும் ஒருத்தி. இவளை மறுபடி நம்புகிறேன். இலைக்கோழியை நானும் கண்டேன்."

கணக்கு திரும்பியது. சார் ஒரு நிபந்தனை போட்டார்: மரகதப்புறா பதிவும் "பொய்" என்ற குறிப்போடு பட்டியலில் நிற்கும். அதை அவளே கேட்டிருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று குழுவில் திருவிழா. "வாம்மா வா!", "சதாசிவம் ஐயா நலமா?", "படப்பையிலிருந்து நடந்து வந்துட்டீங்களா?" போன் ஓயவே இல்லை. பெருங்களத்தூர்க்காரர்கூட ஒரு சிரிப்புப் பொம்மை போட்டார். நான் ஒரு நாளும் வெளியே போனதில்லை. அதனால் எனக்கு யாரும் வா என்று சொன்னதில்லை.

அடுத்த ஞாயிறு அவள் ஏரிக்கு வந்தாள். எல்லோரும் ஒவ்வொரு பக்கமாகப் பிரிந்து எண்ணப் போனோம். சம்புப் புல் அடர்ந்திருக்கும் கிழக்கு மூலைக்கு நானும் அவளும். நான் நாமக்கோழிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். திடீரென்று என் தோளை ஒரு தட்டு.

திரும்பினேன். சம்பு லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

"பாத்தியா?" அவளுக்கு மூச்சு வாங்கியது. "கருங்குருகுடி! கழுத்தோரம் மஞ்சள். இப்படிக் கழுத்தை நீட்டிகிட்டு நின்னு, ஒரு செகண்ட், உள்ள போயிடுச்சு."

கருங்குருகு எங்கள் ஏரிப் பட்டியலில் கிடையாது. நான் ஞாயிறு தவறாமல் வந்த இத்தனை வருஷத்தில் என் கண்ணில் பட்டதில்லை. இவள் திரும்பி வந்த முதல் நாளே பார்க்கிறாள். வெகுநேரம் அங்கேயே நின்றோம். சம்பு ஆடவில்லை. தூரத்தில் மற்றவர்கள் டீக்கடைப் பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தார்கள்.

எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. "நீ பதிவு போடு," என்றேன். "ரெண்டாம் கண்ணு நான் போடறேன். நான் சொன்னா யாரும் கேள்வி கேக்கமாட்டாங்க."

அவளுக்காகச் சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பறவையில் பாதியாவது எனக்கு வேண்டும் என்றிருந்தது.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை. பழைய ஸ்கூட்டர்க் கண்ணாடி நாளில், ஓடிப்போய் மதிலுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்த அதே பார்வை.

"நீ பாக்கலையேடி" என்றாள்.

டீக்கடையில் பொழிச்சலூர் சார் கையில் கிளாஸோடு, "கிழக்கு மூலையில ஸ்பெஷலா ஏதாவது உண்டா?" என்று கேட்டார். எல்லோரும் ஆவலாக அவளைத்தான் பார்த்தார்கள். அவள் டீயை ஊதிக்கொண்டே, "நாமக்கோழிதான் சார். இவ எண்ணியிருக்கா, இவளைக் கேளுங்க" என்றாள். எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. நான் எண்ணிக்கையைச் சொன்னேன்.

இப்போது அவள் ஓசூரில் வேலையில் இருக்கிறாள். அங்கேயுள்ள ஏரிகளிலிருந்து பதிவு போடுகிறாள். பாதிக்கு மேல் மைனா. எங்கள் ஏரிப் பட்டியலில் இலைக்கோழி இருக்கிறது, கீழே சின்ன எழுத்தில் நான் இருக்கிறேன். மரகதப்புறாவும் இருக்கிறது, பக்கத்தில் "பொய்" என்று. கருங்குருகு இல்லை.

நான் ஞாயிறு தவறாமல் கிழக்கு மூலைக்குப் போய்ச் சம்புக்கு எதிரில் நிற்கிறேன். இதுவரை வரவில்லை. ஆனால் அது அங்கே நின்றது, கழுத்தை நீட்டிப் பார்த்தது, அவள் கண்டாள். சத்தியமாகச் சொல்வேன். பார்க்காமலே.